பிரிவு முப்பத்தேழில் ஒரு லாம்

மசோதா நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பக்கத்துக்கு இருநூற்றைம்பது எனக்கு,
வரிப் பிடித்தம் போக.

திருவாரூர் ஸ்டேஷன் மாடியில்
நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள்.
நிலைக்குழுவில் முப்பத்தொரு பேர்.
வந்தவர் ஒன்பது.
சாப்பாட்டுக்குப் பின் ஆறு.

பிரிவு முப்பத்தேழு, உட்பிரிவு இரண்டு:
கேட்டுகளில் ஆள் நிறுத்துவதை
ரயிலை நடத்தும் நிறுவனம் இனி
தீர்மானிக்கலாம்.

இரவு இரண்டு மணிக்கு நான் எழுதிய சொல்.
முதலில் "தீர்மானிக்க வேண்டும்" என்று எழுதி
மூலத்தைப் பார்த்து அடித்தேன்.
ஒரு லாம்தானே என்று
விளக்கை அணைத்தேன்.

பதினான்காவது சாட்சி செங்கமலம்.
கொரடாச்சேரிப் பக்கம்
வாய்க்காலை ஒட்டிய கேட்.
பதினோரு வருஷம்.
யாரும் கேட்காமலே
தீர்ந்துபோன நம்பர் தாள் ஒன்றை
நாலாய் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

ஆளில்லாமலும் கேட் இயங்கலாம் அல்லவா
என்று தலைவர் இந்தியில் கேட்டார்,
தமிழில் நான் கேட்டேன்.
"லாம்னா என்னங்க?" என்றாள்.
என்னைத்தான் கேட்டாள்.

முடியும் என்று அர்த்தம், என்றேன்.
கட்டாயமில்லை என்றும் அர்த்தம்.
(இது குறிப்பில் ஏறவில்லை.)

"வண்டி கிளம்புதுன்னு மாஸ்டர் போன் பண்ணுவாரு.
மூடிப் பூட்டிட்டு நம்பர் சொல்லணும்.
சொன்ன நம்பரை அடிச்சிடணும்.
மூடலாம்னு ஒரு நம்பர் இந்தத் தாள்ல இல்லீங்க.
சம்பா அறுப்புல ராத்திரி பூரா மெஷின் போவும்.
மூடலாமான்னு நான் யோசிச்சிக்கிட்டு நிக்கிற நேரம்
அது தண்டவாளத்துல ஏறி நிக்கும்."

சாட்சி தெளிவு கோருகிறார்,
என்று மொழிபெயர்த்தேன்.
மூன்று மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் அவர்களுக்கு.
எனக்கும் வயிறு காய்ந்தது.

கடைசி நாற்காலியிலிருந்து
ஓர் அம்மாள், எந்த மாநிலமோ,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்:
அவள் அவ்வளவு நேரம் பேசினாள்.
நீங்கள் சொன்னது மூன்றே சொல்லா?

காது சுட்டது.
மறுபடி சொன்னேன்.
மெஷினைச் சொன்னேன், தாளைச் சொன்னேன்.
லாமுக்கு அந்த மொழியில் இருந்த சொல்
தக்கையாக மிதந்தது.
கூடத்தில் மின்விசிறி மட்டும்.
பிறகு இணைச் செயலாளர்
செலவுக் கணக்கைப் பிரித்தார்.

இந்த மண்ணுக்குத் தெரியாத எழுத்தா அவை?
வரத்தைப் பொறுத்துத் திறக்கலாம் என்ற அறிக்கையை நம்பி
நாற்று விட்டவன் வீட்டில் போய்க் கேள்.
நாற்றங்காலில் வெடிப்பு விரல் அகலம்.
அதற்குப் பொறுப்பென்று
எந்தப் பிரிவிலும் யாருமில்லை.

ஆறு மாதம் கழித்து அறிக்கை.
"வேண்டும்" என்று மாற்றச் சொன்னது குழு.
அரசு அதைக் கவனத்தில் கொண்டது.
கவனத்திலேயே வைத்துக்கொண்டது.
செங்கமலம் பேசியது
இணைப்பு மூன்றில், எண்பத்தெட்டாம் பக்கத்தில்,
சின்ன எழுத்தில் இருக்கிறது.
அவள் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.
என் பிழை.

வாக்கெடுப்பு அன்று
அவள் கேட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.
எனக்கு முன்னால் ஒரு மினிபஸ்,
நெல் மூட்டையோடு டிராக்டர்,
இஞ்சினை அணைக்காத ஒரு மாப்பிள்ளைக் கார்.
கைபேசியில் அவை.
அவர்கள் எந்த மொழியில் சொன்னாலும்
எனக்குத் தமிழில்தான் விழும்:

ஏற்போர் ஆம் என்க.
இரைச்சல்.
மறுப்போர் இல்லை என்க.
அதுவும் இரைச்சல்தான்.
நிறைவேறியது, என்றார்கள்.
எண்ணவில்லை.

கேபினுக்குள் போனைத் தோளில் இடுக்கி
ஒரு நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொரு இலக்கமாக.
பேனாவால் அடித்தாள்.
என்னைப் பார்த்தாளா, தெரியவில்லை.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்,
திறக்கலாமே என்று.