மூன்றாம் நாள்

எக்செல் தாளில் ஐந்து கட்டம் போட்டிருக்கிறான் தேவசகாயம்.
நான்கு இரவு, ஐந்து பகல்.
முதல் கட்டத்தில் மடு மாதா. மஞ்சள்.
இரண்டாவதில் என் கோணேசர். நீலம்.
நான்காவதில் திமிங்கிலம்.
நிறைமதிக்கு எட்டு வயது.
அவள் கடவுள் வாலை மட்டும் காட்டிவிட்டு
முங்கிப் போனால் போதும்.
ஐந்தாம் நாள் திரும்பி வர.
மூன்றாம் நாள் வெள்ளையாகக் கிடக்கிறது.

இங்கே ஒரு ரூபாய், அங்கே மூன்றரை.
வாழ்நாளில் முதல்முறை
எங்கள் பணம் பெருகுகிறது.
பழைய வண்ணாரப்பேட்டை மூன்றாம் மாடியில்
கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே
பணக்காரர்களாக உட்கார்ந்து
அறை தேடுகிறோம்.

கடல் பார்த்த அறை, காலை உணவு சேர்த்து.
ஊர்ப்பெயரைத் தட்டிக்கொண்டே வந்த விரல் நின்றது.
இந்தப் பெயரை நான் முன்பே எழுதியிருக்கிறேன்.
இரண்டாயிரத்து ஒன்பதில்,
கல்லூரி வாசலில் குந்தி உட்கார்ந்து,
சார்ட் பேப்பரில், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால்.
லகரமா ளகரமா என்று எங்களுக்குள் சண்டை வந்தது.
அன்று பகல் முழுக்கப் பட்டினி.
ஐந்து மணிக்கு யாரோ ஜூஸ் கொடுத்து முடித்துவைத்தார்கள்.
வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு தின்றேன்.

இப்போது அதே பெயருக்கு
பத்துக்கு எட்டு புள்ளி ஆறு.
நீச்சல் குளம் உண்டு.
வரவேற்பு பானம் இலவசம்.

"என்ன ஆச்சு?" என்றான்.
"நெட் ஸ்லோவா இருக்கு."

டிக்கெட்டுக்காக எழும்பூர் போனேன்.
கென்னட் சந்து முழுக்க வெள்ளை உடுத்திய பெண்கள்.
புத்தகயா போய்த் திரும்பியவர்கள்,
ரயிலுக்கும் விமானத்துக்கும் நடுவே
ஒரு பகல் மிச்சம் வைத்திருந்தார்கள்.
கயிறு கட்டிய பெட்டிகள்மேல்
காய்ந்துகொண்டிருந்தன துண்டுகள்.

ஒருத்தி, என் வயதுதான், மகளைப் பிடித்துக்கொண்டு
"பீச்?" என்றாள்.
புரியாதோ என்று கையால் அலை போட்டுக் காட்டினாள்.
முதலில் சிரிப்பு வந்தது எனக்கு.
அப்புறம் அந்தச் சார்ட் பேப்பர் வந்தது.

அவளுக்கும் அந்த வருடம் இருபது இருக்கும்.
அந்த மே மாதம் என்ன செய்தாள்?
தெருவில் பட்டாசு வெடித்தாளா,
யாருக்காவது விளக்கேற்றினாளா,
தம்பி ஒருவன் சீருடையில் போனானா,
வந்தானா?
கேட்க என்னிடம் மொழியில்லை.
மொழியிருந்தால் கேட்டிருப்பேனா,
அதுவும் தெரியவில்லை.

ஆட்டோவுக்கு இருநூறு என்றார்.
விரல்விட்டு மூன்றரையால் பெருக்கினாள் போல,
முகம் மாறியது.
நூற்றைம்பதுக்குப் பேசி முடித்து
நானும் ஏறிக்கொண்டேன்.
டிக்கெட் அப்படியே இருக்கிறது, எடுக்காமல்.

மெரினா மணல் நடந்து தீரவில்லை.
நான் வந்தே இரண்டு வருடம்.
வீட்டிலிருந்து முக்கால் மணி நேரக் கடலை விட்டுவிட்டு
விமானம் ஏறிக் கடல் பார்க்கப் போகிறவள்.

வெள்ளைப் பாவாடையைக் கணுக்கால்வரை தூக்கி
ஒரு விரலை நனைத்து வாயில் வைத்தாள்.
மகளிடம் ஏதோ சொன்னாள்.
அது என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது.
எங்கள் உப்புதான் உப்பு
என்றிருக்கலாம்.
தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் வாங்கித் தந்தேன்.
காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்தபடி
கடைசிப் பட்டாணிவரை தின்றாள்.

போகும்போது
சுண்டல் மடித்த காகிதத்தின் பின்னால்
ஊர்ப்பெயரை எழுதிக் கொடுத்தாள்.
ஜாங்கிரி பிழிந்தது போல நாலு எழுத்து.
கூடவே ஒரு போன் நம்பர்.

இரவு தேவசகாயம் அதைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
எது தலை எது கால் என்று பிடிபடாமல்.
"எந்த ஊருடி இது?"
"தெரியாது."
"அங்க திமிங்கிலம் வருமா?" என்றாள் நிறைமதி.

எண்ணெய்க் கறையோடு காகிதம் மேஜைமேல் இருக்கிறது.
மூன்றாம் நாள் இன்னும் வெள்ளைதான்.
பக்கத்தில் திரையில், மூட மறந்தேனோ
மூட மனமில்லையோ,
அந்த எட்டு புள்ளி ஆறு.
'ஒரே ஓர் அறைதான் மிச்சம்' என்கிறது சிவப்பில்.
நேற்றும் அதையேதான் சொன்னது.