பூஜ்யம்

பைக்கை அணைக்க வேண்டாம், விச்சிட்.
இன்று எதுவும் வாங்கப் போவதில்லை.
போன தடவை கொடுத்த வெள்ளைப் பொடி
இரண்டு டப்பா, மூடி திறக்காமல்
கோழிக்கூண்டின் மேல் இருக்கிறது. எடுத்துக்கொள்.
பழைய பாக்கி உன் நோட்டிலும் இருக்கிறது
என் நோட்டிலும்.

மார்ச்சில் தொடை சிவக்கத் தொடங்கியது,
முதலில் மூன்றாம் தொட்டியில்.
நாற்பத்தொன்று செத்தன. மறுநாள் முப்பத்தெட்டு.
உன் பொடியைக் கலந்தேன். குறைந்தது. பிறகு கூடியது.
கோன் கேன் வியாபாரி ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கி
முகர்ந்து பார்த்து
'மருந்துத் தவளை' என்றான்,
கிலோவுக்குப் பத்து பாட் குறைத்தான்.

வேலியோரம் நிலவேம்பு தானாக முளைத்துக் கிடந்தது.
எங்கள் மொழியில் அதன் பெயர்
வானம் திருடரை நொறுக்கும் என்று பொருள்படும்.
காயவைத்து இடித்துச் சலித்ததில்
மூன்று நாள் என் எச்சிலே கசந்தது.

முதல் நாள் கவ்வின, துப்பின.
நாலாயிரம் வாய்கள் துப்பும் சத்தம் கேட்டிருக்கிறாயா?
ஈரத்துணியைக் கல்லில் மெதுவாக அறைவது போல.
அப்புறம் கறுத்துக் கனிந்த வாழைப்பழத்தில் பொடியைப் பிசைந்து
கொஞ்சம் பூண்டுச் சாறு விட்டு
உருண்டைகள் மேல் பூசி நிழலில் உலர்த்தினேன்.
அசையாததை அவை தீனி என்று நம்பாது;
துடைப்பக்குச்சியால் தண்ணீரை அலைத்து அலைத்து
உருண்டைகளைப் புழுவாக நடிக்க வைத்தேன்.

முப்பது. இருபத்தாறு. இருபத்தொன்பது.
என் வீட்டுக்காரர் ரயோங்கிலிருந்து
போனில் சிரித்தார்:
சட்டிக்குப் போகப்போவதற்கு இத்தனை வைத்தியமா?
தொட்டி கழுவ இருந்தது, வைத்துவிட்டேன்.

பதினொன்று.
ஏழு.
இரண்டு.

நேற்று பூஜ்யம்.
எழுதக் கை கூசியது.
டார்ச் அடித்து, பாசியை விலக்கி,
தொட்டி தொட்டியாக மறுபடி தேடினேன்.
மூன்றாம் தொட்டி மூலையில்
பெரியதொன்றின் வாயிலிருந்து
நீட்டிக்கொண்டு இரண்டு கால்கள்,
சின்னவை, ஒரு புள்ளி சிவப்பில்லாதவை,
இன்னும் உதைத்துக்கொண்டு.

இழுத்தேன். வரவில்லை.

பிழைத்தவற்றுக்குப் பசி திரும்பிவிட்டது.
நாளை வலை போட்டு
பெரியது சிறியது பிரிக்க வேண்டும்.
அதற்கு உன் பையில் டப்பா இல்லை,
என் வேலியிலும் செடி இல்லை.

நோட்டில் பூஜ்யம் போட்டேன், அடித்தேன்,
ஒன்று போட்டேன், அதையும் அடித்தேன்.
அந்த நாளுக்கான கட்டம் இப்போது
வெறும் மையாக இருக்கிறது.

போகும்போது படலைச் சாத்திவிட்டுப் போ.
வாத்துகள் உள்ளே வந்து
முளையை மிதிக்கின்றன.