கப்பல் வராத புதன்கிழமை

காலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் ஒரே வரி:
இன்று கப்பல் வராது.
ஏன் என்று கேட்டால் சொல்கிறவர்கள் இல்லை அவர்கள்.

படகுத்துறைப் பலகையில்
முந்தின இரவே நான் எழுதி வைத்த சாக்பீஸ் எழுத்து
யாருமில்லாத துறையைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தது:
மணல்திட்டு, பவளப்பாறை, ஆமை, மதியச் சாப்பாடு,
ரம் அளவில்லை, ஆளுக்கு எண்பது டாலர்.
(கீழே பொடி எழுத்தில்: ஆமைக்கு நாங்கள் பொறுப்பல்ல.)

நாற்பது பேருக்கான கோழி பெட்டியில்.
சுட்ட ஈரப்பலா, தேங்காய்ப்பால் விட்ட கீரை.
ஐஸுக்குக் கொடுத்த காசு
அதற்குள் உருக ஆரம்பித்திருந்தது.

ஆல்ரிக் படகு விளிம்பில் உட்கார்ந்து
கால் கட்டைவிரலால் கடலைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.
இன்ஜின் கடனில் இன்னும் பதினாலு தவணை.
"கோழியை யாராவது தின்றுதானே ஆகணும்" என்றான் கடைசியில்,
"கூப்பிடு."
யாரை என்று நான் கேட்கவில்லை.

சுங்க அலுவலகத்துப் பெதெல் வந்தார்,
ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையிலேயே மறந்து.
இரவு வார்டு முடித்த ஒஸ்லின்,
வெள்ளைச் சீருடை, வெறுங்கால்.
சாதிக்காய் ஜாம் விற்கும் அக்கா தங்கை, விற்காத ஜாமோடு.
வேன் ஓட்டும் வெர்னீஸ்,
வரமாட்டேன் வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே
முதல் வரிசையில் ஏறி உட்கார்ந்தாள்.

பதினோரு வருஷமாக வெர்னீஸ்
மலைமுகட்டில் வேனை நிறுத்திக் கீழே கைகாட்டுகிறாள்.
அதோ அந்தப் பச்சை, அதுதான் பவளப்பாறை.
அந்த நீலம் அறுபது அடி.
மைக்கில் அவள் குரல் நன்றாக நீந்தும்.
அவளுக்குத் தெரியாது.

துறை விலகியதும் ஊர் சுருங்கியது.
"இவ்வளவுதானா நாம்?" என்றார் பெதெல்.
ஜாம் தங்கை கத்தினாள்:
"ஐயோ, நம் கூரையின் பின்பக்கம் பெயின்டே இல்லை!
வந்த கப்பல்காரன் எல்லாம் பார்த்திருப்பானே!"
படகு குலுங்கியது. அலையால் அல்ல.

பாறைக்கு மேலே நங்கூரம் விழுந்தது.
எல்லாரும் குதித்தார்கள், வெர்னீஸைத் தவிர.
ஏணியின் கடைசிப் படியில், இடுப்பளவு நீரில்,
ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவளைப் போல நின்றாள்.
நீர்க்கண்ணாடியைக் கொடுத்து,
எச்சில் துப்பித் தேய், ஆவி படியாது என்றேன்.
"வந்தவர்களும் துப்புவார்களா?"
ஒரு நீதிபதியே துப்பியிருக்கிறார் என்றேன்.
அதற்கப்புறம்தான் துப்பினாள்.

மிதவை வளையத்தை ஒரு கையும்
என் மணிக்கட்டை ஒரு கையும் பிடித்திருந்தாள்.
முகத்தை நீரில் வைத்தாள். எடுத்தாள். இருமினாள்.
என்னைத் திட்டினாள், என் அம்மாவையும் சேர்த்து.
வைத்தாள், எடுத்தாள்.
நாலாவது முறை எடுக்கவில்லை.

சட்டை முதுகில் காற்று உப்பி
மேலே ஒரு மஞ்சள் மேடு.
பிடி மெல்லத் தளர்ந்தது, பிறகு இறுகியது, பிறகு
விரல்கள் என்னை மறந்தே போயின.
ஸ்நார்கெல் குழாய் வழியாக ஏதோ சொன்னாள்,
தூரத்துக் கொட்டகையில் மாடு கூப்பிடுவது போல.
எனக்கா, மீனுக்கா, தெரியாது.
ஆமை அன்றைக்கு வரவில்லை.
அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

மணல்திட்டில் ஈரத்தோடு உட்கார்ந்து
இரண்டு பங்கு கோழி தின்றாள்.
"இதையா எண்பதுக்கு விற்கிறீர்கள்? வெட்கமில்லையா?"
எலும்பை ஆல்ரிக்கின் பக்கம் நீட்டிக் கேட்டாள்.
கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல்:
"நான் காட்டுகிற அந்தப் பச்சை இருக்கே,
அது பச்சை இல்லை."
வேறென்ன என்றாள் ஒஸ்லின், கண்ணை மூடியபடி.
வெர்னீஸ் மென்றாள். யோசித்தாள்.
கடல் நண்டு ஒன்று அவள் செருப்பை ஆராய்ந்துவிட்டுத் திரும்பிப் போனது.
பதில் வருவதற்குள் ரம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை கப்பல் வந்தது.
முகட்டில் வழக்கம்போல வேன் நின்றது, கை நீண்டது.
அதோ அந்த, என்றாளாம்.
அப்புறம் மைக்கில் வெகுநேரம்
காற்று மட்டும்.
ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து
பின்சீட்டுக்காரர் ஒருவர்
எழுந்து போய் ஒயரை ஆட்டிப் பார்த்தாராம்.