மான் தின்ற அட்டை

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கடன் வரும்.
மோட்டார் சைக்கிளில் வரும். தலைக்கவசம் போட்டிருக்கும்.
"அக்கா, தண்ணி ஒரு கிளாஸ்" என்று வாங்கிக் குடித்துவிட்டுப்
புத்தகத்தை விரிக்கும்.

கிளிவெட்டியில் எங்கள் குழுவுக்கு ஐந்து பேர்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும்
பாயை விட்டு எழும்ப ஏலாது.
கயிறு கொண்டுவரத் தேவையில்லை அவர்களுக்கு,
அயலையே முறுக்கத் தெரியும்.

நான் தலைவி.
கலியாண வீட்டில்கூட முன்வரிசையில் இருந்தறியாத எனக்கு
தாளில் தந்த ஒரே பதவி.
தயிருக்கென்று எருமை வாங்கினேன், முப்பதாயிரம்.
ஐம்பத்திரண்டு கிழமை, கிழமைக்கு எண்ணூற்றைம்பது.
எருமை சித்திரையில் செத்தது.
தவணை சாகவில்லை.
அதைக் கட்ட இன்னொரு கடன்,
அதைக் கட்ட திலகேஸ்வரியின் தோடு.

நாகபூசணி
மகளின் கணக்குக் கொப்பியில் கடைசிப் பக்கம் முழுக்கக்
கூட்டிப் பார்த்திருக்கிறாள்.
வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலை
அன்றிரவு நான்தான் அவள் கையிலிருந்து பறித்தேன்.
அடுத்த செவ்வாய், ஒன்றும் பேசாமல்,
அவளிடம் எண்ணூற்றைம்பது வாங்கியதும்
நான்தான்.

பிறகு தோப்பூரிலிருந்து றிஸ்மியா வந்தா.
"எங்கட பக்கம் புதன்கிழமை" என்றா.
கிழமையை ஊர் ஊராய் அறுத்துப்
பங்குபோட்டு வைத்திருந்தார்கள்.
அந்தத் தெருவை நாங்களும் எங்கள் தெருவை அவர்களும்
இருபது வருடம்
பின்னால் பார்த்துப் பார்த்துக் கடந்திருக்கிறோம்.
இப்போது ஒரே நிறப் புத்தகம் இரண்டு வீட்டிலும்.

ஊர்வலத்துக்கு பிஸ்கட் பெட்டியை அறுத்து அட்டை செய்தோம்.
நுண்கடனுக்கு மூன்று சுழியா இரண்டு சுழியா என்று
பெரிய தர்க்கம்.
"எழுத்துக்குச் சுழியை விடுங்கோ,
வட்டிக்கு எத்தனை சுழி?" என்றா றிஸ்மியா.
பூசணி சிரித்தாள்.
நான் அதைக் கேட்டு எத்தனை மாதம்.

கிண்ணியாப் பாலம் தாண்டி இரண்டு பஸ்.
கச்சேரி வாசலில் வெயில் நட்டுக்கு நின்றது.
உள்ளே ஐயா கூட்டத்தில் இருக்கிறாராம்.
திருமலை ரவுனில் மான்கள் மாடு மாதிரித் திரியும்,
பஸ் டிக்கெட் தின்னும், வாழைப்பழத் தோல் தின்னும்.
மதிலோரம் சாய்த்து வைத்த அட்டையில்
'வட்டியை நிறுத்து' என்று இருந்ததில்
வட்டியை மட்டும் ஒரு மான் தின்றுவிட்டது.
பொலிஸ்காரனும் சிரித்தான்.
மனுவை வாங்கினார்கள், முத்திரை குத்தினார்கள்.
இந்த நாட்டில் பசியோடு நம் தாளைத் தொட்டது
அந்த மான் ஒன்றுதான்.

செவ்வாய் வந்தது. பத்து மணியும் வந்தது.
பின்வேலியால் ஒருத்தியும் ஓடவில்லை.
ஐந்து பேரும் என் முற்றத்தில்.
றிஸ்மியாவின் ஆட்கள் ஏழு பேர், தங்கள் கிழமை இல்லாத நாளில்.
நடுவில் அந்த அரைவாசி அட்டை.

பெடியனுக்குப் பெயர் சுகிர்தன்.
வராத தவணை அவன் சம்பளத்தில் வெட்டுப்படும்.
தண்ணி கொடுத்தோம்.
புத்தகத்தை விரிக்க விடவில்லை.
"ஒரு ஆளாவது கட்டுங்கோ அக்கா" என்றான்.
ஒருத்தியும் கையை மடிக்குக் கொண்டுபோகவில்லை.

கிளாஸைத் திருப்பித் தந்தான்.
தலைக்கவசத்தைப் போடாமல்
கொஞ்ச நேரம் கையில் வைத்து உருட்டினான்.
"செல்வநாயகபுரத்தில் அம்மாட்ட வேற கொம்பனி வரும்.
வியாழக்கிழமை.
அவா கிணத்தடியில ஒளிக்கிறவா" என்றான்.

பிறகு, குரலைத் தாழ்த்தி:
"வியாழனுக்கும் வருவீங்களோ?"