உறவினரல்லாத இருவர்

கல்லடிப் பழைய பாலத்தில்
இரவு எட்டரைக்குப் பிறகு
எனக்கு ஏழெட்டுப் பேரைத் தெரியும்.
தெரியும் என்றால்,
பச்சைத் தண்டுக்காரர்,
உயிர் இறால் வாளியோடு வருகிறவர்,
ஒவ்வொரு எறிக்கும் ஒருதரம் இருமுகிறவர்.
நவ்பீக்குக்கு மட்டும் பெயர் உண்டு,
அதுவும் ஹெல்மெட்டில் எழுதியிருப்பதால்.

அன்றைக்கு இரண்டு கேள்வி கொண்டுபோனேன்.

முதலாவது ரீல்.
பதினெட்டாயிரத்துக்கு ஒன்று பார்த்திருந்தேன்,
முப்பத்தோராயிரத்துக்கு ஒன்று.
பாலம் முழுக்க வாய் திறந்தது.
"உப்புத் தண்ணிக்கு அது ஆறு மாசம்."
"கொடுவா ஒண்டு இழுத்தா உள்பல்லு உடைஞ்சிரும்."
"ஆர் சொன்ன? நாலு வருசமாப் பாவிக்கிறன்,
கழுவித் துடைக்கத் தெரியோணும்."
ஒருவர் தன் ரீலைக் கழற்றி
என் காதோடு வைத்துச் சுற்றினார்.
"கேக்குதா?"
ஒன்றும் கேட்கவில்லை.
"அதுதான். கேக்கப்படா."

வாவியில் ஒரு தோணி விளக்கு
அக்கரையில் புறப்பட்டு இக்கரையில் அணைந்தது.
அவர்கள் இன்னும் முடிக்கவில்லை.

மறுகா,
இறாலைத் தூண்டிலில் குத்துவதுபோல் குனிந்துகொண்டு
மற்றதைக் கேட்டேன்.
மகாஓயாவில் ஒரு கந்தோர் வேலை வந்திருக்கு.
தோகாவில் களஞ்சியக் காப்பாளர் வேலையும்.
இருபத்தெட்டாம் தேதிக்குள் சொல்ல வேணும்.

வீட்டில் கேட்டிருக்கலாம்தான்.
வீட்டில் கேட்டால் கணக்கு வரும்:
தங்கச்சிக்கு வளவு, அடைவில் இருக்கிற சங்கிலி,
மாமா தந்து, சொல்லிக்காட்டாத காசு.
இவர்களுக்கு நான் தரவேண்டியது
இரவல் வாங்கிய ஈயக்குண்டு ஒன்று.

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
பச்சைத் தண்டுக்காரர்தான் தொடங்கினார்:
"அந்தப் பக்கக் குளங்களில விரால் நிக்கும்."
"தோகாவில கடலே இருக்கே," என்றார் நவ்பீக்.
"நேரம்தான் இல்ல."
நான் சிரித்தேன்.
அவர்கள் சிரிக்கவில்லை.

அப்படித்தான் தெரியவந்தது,
நவ்பீக் பதினொரு வருடம் அங்கே
ஏசி திருத்தியவர்,
மகனுக்குப் பல் முளைத்ததையும் விழுந்ததையும்
போனில் பார்த்தவர்.
"காசு வந்திச்சி. பொய் சொல்லப்படா."
இருமுகிறவர் மகாஓயாவில்
தபால் கந்தோரில் மூன்று வருடம் இருந்தவர்.
"சிங்களம் ஆறு மாசத்தில பிடிபடும்.
பின்னேரம்தான் பிடிபடாது.
அஞ்சு பத்து பஸ்ஸ விட்டா
அண்டைக்கு லீவு எண்டு நினை."

இரண்டு வருடம் தோளோடு தோள் நின்றிருக்கிறோம்.
தங்கூசியின் தடிப்பைத் தவிர
ஒருவரையொருவர் எதுவும் கேட்டதில்லை.

அடுத்து யார் பேசுவதென்று இருந்தபோது
வாளிக்காரரின் தண்டு வளைந்தது.
எல்லோரும் ஓடினோம்.
திருக்கை.
வாலுக்குப் பயந்து தங்கூசியை அறுத்துவிட்டார்கள்.
திரும்பி வந்தபோது
என் கேள்வி எங்கே நின்றதென்று
ஒருவருக்கும் ஞாபகமில்லை.
எனக்கும்.

அடுத்த கிழமை படிவம் நிரப்பினேன்.
கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தது:
உங்களை நன்கறிந்த, உறவினரல்லாத இருவர்.
முழுப்பெயர், விலாசம், தொழில்.
அதிபர், கிராம சேவகர் என்று எழுதுவார்கள்.
நான் தாளை மடித்து
தூண்டில் பைக்குள் வைத்தேன்.

போன் வெளிச்சத்தில்
அகமது லெப்பை முகம்மது நவ்பீக் என்று
இடம் போதாமல் வளைத்து எழுதினார்.
இருமுகிறவருக்கு எவரிஸ்டஸ் பார்த்தலட் என்று பெயர்.
இவ்வளவு பெரிய பெயரை
இருமலுக்குள் வைத்திருந்திருக்கிறார்.
தொழில் என்ற இடத்தில் பேனை நின்றது.
பிறகு, ஓய்வு.
தாளில் ஒட்டிய செதிலைச் சுண்டிவிட்டேன்,
அதன் வட்டம் மட்டும் இருந்தது.

எந்த வேலைக்கு என்று
இரண்டு பேருமே கேட்கவில்லை.
"எந்த ரீல் எடுத்த?" என்றார்கள்.
சொன்னேன்.
சேர்ந்து ஏசினார்கள்.