கட்டைவிரல் கணக்கு

ஆஸ்லோவில் ஓர் அலுவலகச் சுவரில்
உலகத்தைத் தட்டையாக்கி ஒட்டியிருக்கிறார்கள்.
தூர்கெய்ர் அதன்மேல் கட்டைவிரலை வைக்கிறார்.
நல்ல மனிதர், கணக்கில் கறார்.
ஆஸ்லோ முதல் துரோன்ஹைம் வரை
விரலகலம் ஒன்று.
அவர் போய்ப் பழகிய தூரம்,
நேர்க்கோட்டில் நானூறு கிலோமீட்டர்.
அதே விரலைக் கீழே இறக்குகிறார்,
ஐரோப்பா தாண்டி, சகாரா தாண்டி.
கின்ஷாசாவிலிருந்து கிசங்கானிக்கு
ஒன்றரை விரல்.
அறுநூறு.
ஆற்று வளைவுக்கென்று
பெரிய மனசோடு நூறு சேர்த்து
அதற்குத் தகுந்த பனிக்கட்டி போட்டு
தட்டம்மைத் தடுப்பு மருந்து
நாலு பெட்டி அனுப்பிவைத்தார்.

மூடியில் அவர் கையெழுத்து:
ஆறு நாள் தாங்கும். போதும்.

ஆறாம் நாள் இரவு
எம்பண்டாக்கா வந்து சேர்ந்தோம்.
நாங்கள் என்றால்
இழுவைப் படகில் கட்டிய மூன்று தெப்பங்கள்,
முந்நூறு பேர், அவர்கள் ஆடுகள்,
புகையிட்ட மீன், ஒரு மெத்தை வியாபாரி,
வழியில் பிறந்த ஒரு பெண் குழந்தை,
ஊசி போடப் புறப்பட்ட நான்.
பாதிக்கு மேல் ஆறு பாக்கி.
சாண் ஏறினால் முழம் சறுக்கும் ஆறு,
ஒரு மணல்திட்டு மட்டும்
ஒன்றரை நாளைத் தின்றிருந்தது.

பெட்டியைத் திறந்தேன்.
வெதுவெதுத்த தண்ணீரில் குப்பிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன.
ஒவ்வொரு குப்பியின் தலையிலும்
பட்ட சூட்டை மறக்காத
சின்னச் சதுரம் ஒன்று உண்டு.
எல்லாச் சதுரமும் கறுத்திருந்தது.

எம்பண்டாக்கா
நிலநடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கிற ஊர்.
அந்தச் சுவர்ப்படம்
உள்ளதை உள்ளபடி சொல்வது
அந்த ஒரு கோட்டில்தானாம்.
அங்கிருந்து விலக விலக
நாடுகள் உப்பும்,
ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி.
கிரீன்லாந்து ஊறி ஊறி
ஆப்பிரிக்காவுக்குச் சமமாக நிற்கிறது.
அசல் கிரீன்லாந்தை
எங்கள் காங்கோவுக்குள் மடித்துவைத்தால்
ஓரத்தில் இடம் மிஞ்சும்.
கப்பல்காரர்களுக்காக வரைந்ததாம்.
கோணத்தைக் காக்க
அளவை அடகு வைத்த படம்.
வட்டியை யார் கட்டுவது என்று
அதில் எங்கும் குறிப்பில்லை.

"பெட்டி இனி எதற்கு, சிஸ்டர்?"
பக்கத்து மூட்டைமேல் இருந்த பொலும்பு கேட்டாள்.
"என் மீனுக்காவது ஆகட்டும்."
கொடுத்தேன். மூன்றை.
ஒன்றை ஏன் வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

தூர்கெய்ருக்கு எழுதினேன்.
கோபமாகத்தான் தொடங்கினேன்,
இரண்டு தாள் கிழிந்தது.
கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

ஐயா, உங்கள் விரலில் குற்றமில்லை.
உங்கள் நாட்டைத் தலை முதல் கால் வரை
கத்தரித்து எடுத்து
இந்த ஆற்றில் மிதக்கவிட்டால்,
வடகோடியில் நிற்பவர்
கிசங்கானியில் இறங்கும்போது
தென்கோடியில் இருப்பவர்
கின்ஷாசா துறையில்
டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருப்பார்.
நாங்கள் அதை ஒரு படகுப் பயணம் என்கிறோம்.
எம்பண்டாக்காவில் ஒரு குளிர்பெட்டி வேண்டும்,
மண்ணெண்ணெயில் ஓடுவது.
பின்குறிப்பு: உங்கள் ஊரில்
மீன் என்ன விலை என்று பொலும்பு கேட்கிறாள்.

கடிதத்தை பும்பாவில் தபாலில் போடலாம் என்று
மடித்து வைத்திருந்தேன்.
பும்பா வந்தது.
கரையில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்,
இடது சட்டைக்கையை
முன்பே சுருட்டி வைத்துக்கொண்டு.