பத்தாவது ஆள்

கைநூலின் பதினாலாம் பக்கத்தில்
என் நாலு வருடமும் ஒரே அட்டவணை:
நூற்றியிருபது கிரெடிட்,
எண்பது வீத வரவு,
புள்ளிவிபரவியல் கட்டாயம்.
அதை இரண்டாந் தரம் எழுதித்தான் தாண்டினேன்,
மார்கழி மழையில், கொக்குவில் வெள்ளத்தில்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்.
அது எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை.

மல்லாகத்தில் அறுபது மணித்தியாலம்
நீதிமன்றின் பின்வாங்கில் இருந்தேன்.
கசிப்பு, களவுபோன ஆடு, தலைக்கவசம் போடாத பெடியள்,
தாபரிப்புக் காசு கட்டாத கணவன்,
திரும்பவும் கசிப்பு.
ஒருநாள் மின்விசிறி நின்றபோது
நீதவானும் சந்தேகநபரும் ஒரே நேரத்தில்
மேலே பார்த்தார்கள்.
களக்குறிப்பில் அதை எழுதினேன்.
"தேவையற்றது" என்று
சிவப்பால் கோடிட்டுத் தந்தார் பிரணவி மிஸ்.

இனி மிச்சம் ஆய்வேடு மட்டும்.
சிறைக்குள் பத்துப் பேரைச் செவ்வி காண வேண்டும்,
ஒன்பது முடிந்தது.
வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு முன்
அலுவலகத்தில் வாகீசனின் மேசைக்கு
மூன்று பிரதி, கறுப்பு அட்டை, பொன்னெழுத்து.
பரமேஸ்வராச் சந்திக் கடைக்காரர்
அட்டைக்கு முற்பணமும் வாங்கிவிட்டார்.

சம்மதப் படிவத்தை ஒவ்வொருவருக்கும்
சத்தமாக வாசிக்க வேண்டும், அது விதி.
"நீங்கள் சொந்த விருப்பத்தில் கலந்துகொள்கிறீர்கள்.
விரும்பிய நேரம் எழும்பிப் போகலாம்."
ஆறாவது ஆள் கதவைப் பார்த்தார்,
காவலரைப் பார்த்தார்,
"மெய்யாவோ தங்கச்சி?" என்றார்.
நானும் சிரித்துவிட்டேன்.

பத்தாவதாய்க் கூட்டிவந்தவர்
கதிரையை இழுத்த விதத்தில் ஒன்றும் தெரியவில்லை.
பெயர் சொன்னபோதுதான்.
கஜரூபன்.
ஒன்பது வருடத்துக்கு முன்
சுன்னாகம் பொலிஸில் ஒரு மேசைக்கு அப்பால்
இதே பெயரைச் சொல்லி
"இவன்தானே?" என்றார்கள்.
ரியூசன் வாசலில் காணாமல்போன
என் ஊதா லுமாலா.
நான் கண்டது ஒரு முதுகு,
கட்டம்போட்ட சேட்டு,
ஒழுங்கைக்குள் திரும்பிய வேகம்.
அப்பா என் தோளில் கை வைத்திருந்தார்.
"ஓம்" என்றேன்.
ஓமுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

சைக்கிள் வரவில்லை.
அவனுக்குப் பதினாறு.
அந்த மார்கழி அவன் சோதனைக்கு வரவில்லை என்று
யாரோ சொன்னார்கள். நான் எழுதினேன்.

மூன்றாம் வருடம், இரண்டாம் அரையாண்டு,
கண்கண்ட சாட்சியம், மூன்று கிரெடிட்.
ஞாபகம் ஒளிப்பதிவு அல்ல,
கேட்கிற கேள்வியே விடையையும் சமைத்துவிடும் என்று
இருபது பக்கம் எழுதி
ஏ எடுத்தேன்.
வகுப்பிலேயே கூடின புள்ளி.

அவருக்கு என்னைத் தெரியவில்லை.
இப்போது வந்திருப்பது வேறு வழக்கு, வேறு ஊர்.
கேள்வி ஏழு: முதன்முதல் பொலிஸுக்குப் போனது எதற்கு?
"ஒரு சைக்கிள்."
"எடுத்தீங்களோ?"
படிவத்தில் இல்லாத கேள்வி அது.
என் பேனையின் மூடியைக் கழற்றினார், பூட்டினார்,
கழற்றினார்.
"அதை ஆர் இப்ப கேக்கினம்" என்றார்.

பஸ்ஸில் படிவம் மடியில் இருந்தது.
கடைசிப் பக்கம், கடைசிப் பெட்டி:
பங்கேற்பாளரை ஆய்வாளர் முன்னரே அறிவாரா?
இல்லை என்றால் வெள்ளிக்கிழமை.
ஓம் என்றால் செவ்வி செல்லாது,
ஒன்பது ஆள், இன்னொரு அரையாண்டு,
வீட்டில் அம்மாவுக்கு என்ன சொல்வது,
அட்டைக்காரரிடம் போன காசு.

தட்டாதெருச் சந்தியில் பஸ் பள்ளத்தில் விழுந்தது.
பேனை தன்பாட்டில் ஒரு கோடு இழுத்தது
இரண்டு பெட்டிக்கும் நடுவில்.
தாளை முழங்காலில் அழுத்திப் பிடித்து
ஓம் என்று போட்டேன்.
இந்தமுறை
முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.